ஜவ்வாது மலையில் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர்!

ஜவ்வாது என்றால் கல்யாண வீட்டில் கமகமக்கும் வாசனைப் பொடி என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு தகவல். அதே பெயரில் ஒரு மலையும் இருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்கள் அதைப் பார்ட்னர்ஷிப் கணக்கு மாதிரி பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஊட்டி மாதிரி பந்தா கிடையாது. பலா, தேன், புளி, சாமை... அவ்வளவுதான் அதன் சொத்துப் பட்டியல்.

வாணியம்பாடியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். எல்லோரும் செல்போனில் மணி பார்க்க ஆரம்பித்த பிறகு அவருக்கு வேலை குறைந்துவிட்டது. கிடைக்கிற வேலையை விடமாட்டார். "தம்பி, ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பாட்டி வீட்ல கிராமபோன் பெட்டி. பிரேக் வேலை செய்யலையாம். வர்றீங்களா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸ் இல்லை. கேட்கணுமா?

ஆலங்காயம் தாண்டி பஸ் மலை ஏறும்போது, பாயின் டூல்ஸ் பெட்டியைப் பார்த்து கண்டக்டர் விசாரித்தார்.

"மெக்கானிக்கா? என்ன வண்டி?"

"நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற வண்டி. பிரேக் பிடிக்கலையாம்."

"அப்ப நீங்க பிரேக் இன்ஸ்பெக்டர்னு சொல்லுங்க!"

பஸ்ஸே சிரித்தது.

வழியில் காவலூர். மரங்களுக்கு நடுவே வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தால் அதுதான் வைணு பாப்பு வானாய்வகம். 1967ல் சின்னதாக ஒரு தொலைநோக்கியோடு ஆரம்பித்தது. 1972ல் ஒரு மீட்டர் கண்ணாடியுள்ள தொலைநோக்கி வந்தது. 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986ல் 2.34 மீட்டர் கண்ணாடியோடு பெரியது திறக்கப்பட்டது.

"பூமி சுத்துறதால நட்சத்திரம் நகர்ந்துகிட்டே இருக்குமே, எப்படிப் பார்ப்பாங்க?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்து டெலஸ்கோப்புல கடிகார மெஷின் வச்சு, நட்சத்திரத்துக்கு ஈடா மெதுவா திருப்புவாங்க. வேகம் மாறாம இருக்க ஒரு கவர்னர். கிராமபோனுக்குள்ளயும் அதே சமாசாரம்தான்" என்றார் பாய். "ஒரே வித்தியாசம், பூமிக்கு பிரேக் கிடையாது!"

ஜமுனாமரத்தூரில் இறங்கி டீ குடித்துவிட்டு நடந்தோம். ஓட்டு வீடு. வாசலில் பலா மரம். பாட்டிக்கு எண்பதுக்கு மேல். கணவர் மலைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தவர். கரண்ட் எட்டிப் பார்க்காத காலத்தில், சாவி கொடுத்தால் பாடும் அந்த போர்ட்டபிள் பெட்டிதான் சுற்றுவட்டாரத்துக்கே ரேடியோ.

"அவர் இருந்த வரைக்கும் பாட்டு முடிஞ்சா அவரே எழுந்து ஊசியை எடுத்துடுவாருப்பா. இப்ப நான் முட்டியைப் பிடிச்சு எழுந்து வர்றதுக்குள்ள கர்ர்ர்ருனு தேய்க்குது" என்றார் பாட்டி.

பத்து அங்குல இசைத்தட்டு ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிஷம் ஓடும். அது முடியும்போதெல்லாம் எண்பது வயது முட்டி எழுந்து ஓடவேண்டும் என்றால்? போதாக்குறைக்கு பெங்களூரில் இருக்கும் மகன், "ஷோகேஸ்ல வைக்க ஒருத்தர் கேட்கிறார், கொடுத்துடலாம்மா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். "இன்னிக்கு சரியாகலேன்னா கொடுத்துடு, தம்பி கூடச் சொல்லும்" என்று பாட்டி பாயைப் பார்த்தார். பாய் பதில் சொல்லவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

முதல் வேலை, ஸ்பிரிங்கில் மிச்சமிருந்த முறுக்கு முழுக்க இறங்கும்வரை பெட்டியைச் சும்மா ஓடவிட்டது. "முறுக்கோட திறந்தா கையைப் பதம் பார்த்துடும்" என்றார்.

பிறகு தட்டைத் தூக்கிவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். நடு அச்சில் ஒரு சின்ன மூக்கு. பக்கத்தில் ஒரு நெம்பு. ஊசி பிடித்திருக்கும் கை உள்ளே வரவர அந்த நெம்பையும் தள்ளிக்கொண்டு வரும். பாட்டு ஓடும்போது ஒரு சுற்றுக்குக் கால் மில்லிமீட்டர் அளவுதான் நகர்வு. அதனால் மூக்கு ஒவ்வொரு சுற்றிலும் நெம்பை "போ அந்தப் பக்கம்" என்று லேசாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். பாட்டு முடிந்த இடத்தில் பள்ளம் வேகமாக உள்ளே இழுக்கும். கை சட்டென்று பாயும். நெம்பு மூக்குக்கு நேரே போய் மாட்டும். அடி விழும். கொக்கி விலகும். பிரேக் கட்டை தட்டின் விளிம்பைப் பிடிக்கும். அவ்வளவுதான்! மாசம் இருபது தேதிக்கு மேல் நம் பர்ஸுக்கு விழும் பிரேக் மாதிரி, யாரும் தொடவேண்டாம்.

இதில் சூட்சுமம், கைக்கும் நெம்புக்கும் நடுவே உள்ள உராய்வு. இறுக்கம் அதிகமானால் பாட்டு பாதியிலேயே நின்றுவிடும். குறைந்தால் நிற்கவே நிற்காது.

"இதுல யாரோ எண்ணெய் விட்டிருக்காங்க" என்றார் பாய்.

"பேரன்தான். தேங்காயெண்ணெய்" என்றார் பாட்டி, பெருமையாக.

"அம்மா, எண்ணெய் எல்லாத்துக்கும் நல்லதில்லே. இது வழுக்கக்கூடாத இடம்."

பெட்ரோலில் நனைத்த துணியால் அந்த இணைப்பைத் துடைத்து உலரவிட்டார். அச்சில் கோந்து மாதிரி இறுகியிருந்த பழைய கிரீஸைச் சுரண்டினார். பிரேக் கட்டையின் தோல் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. வாணியம்பாடிக்காரருக்குத் தோலுக்கா பஞ்சம்? சட்டைப் பையிலிருந்து செருப்புத் தோல் துண்டு ஒன்றை எடுத்து அளவாக வெட்டி ஒட்டினார். உராய்வு திருகை ஒரு மயிரிழை இறுக்கினார்.

விரிசல் விட்ட பழைய தட்டில் சோதனை. முதல் தடவை பாட்டு பாதியிலேயே டக்! திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். இரண்டாம் தடவை நிற்கவே இல்லை. ஒரு மணி நேரம் இப்படியே போனது. எனக்குப் பொறுமை போய் பலாச்சுளை தின்ன ஆரம்பித்தேன். ஏழாவது தடவை பாட்டு முடிந்தது. ஊசி உள்ளே பாய்ந்தது... டக். நின்றது.

"நல்ல தட்டு கொடுங்கம்மா" என்றார் பாய்.

கே.பி. சுந்தராம்பாள் நடித்து 1953ல் வந்த 'ஔவையார்' படப் பாட்டு. புது ஊசி மாட்டி, சாவி கொடுத்து, கையை வலப்பக்கம் நகர்த்தியதும் பிரேக் விலகித் தட்டு சுழன்றது. அந்தக் கணீர்க் குரல் வாசல் வரை போனது. பாட்டி கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார். பாட்டு முடியப்போகும் நேரத்தில், பழக்க தோஷம், கை முட்டிக்குப் போனது.

டக்.

பாட்டி எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பப் பழைய தட்டு சிலதுல கடைசிப் பள்ளம் இருக்காது. அதுங்களுக்கு பிரேக் விழாது. அதையெல்லாம் பேரப்பிள்ளைங்க வரும்போது போடுங்க" என்று பாய் அந்தத் தட்டுகளைத் தனியாக அடுக்கிவைத்தார். ரிப்பேர் கூலியாக நானூறு ரூபாயும் ஒரு பாட்டில் தேனும். பில் கிடையாது. ஜி.எஸ்.டி. கிடையாது.

நாங்கள் கிளம்பும்போது பெங்களூரிலிருந்து போன். பாட்டி உரக்கப் பேசினார்: "ஆமாண்டா... சரியாயிடுச்சு... ஷோகேஸுக்கு வேற ஏதாவது பொம்மை வாங்கி வச்சுக்கச் சொல்லு!"