பருப்பு வேகாத தண்ணீர்

எங்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. பெரம்பலூருக்குக் கிழக்கே அரியலூர் வரைக்கும் பல வீடுகளில் இதே கதைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த பூமி இது. அந்தக் கடலின் சிப்பியும் நத்தையும் சுண்ணாம்புக்கல்லாகி இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகின்றன. மிச்சம் எங்கள் குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. அதனால் ஐப்பசி மழை பிடித்ததும் அம்மா முற்றத்தில் நாலு கம்பு நட்டு, வெள்ளை வேட்டியைக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, கீழே அண்டாவை வைத்துவிடுவார். பருப்புக்கு அந்தத் தண்ணீர்தான். நாலைந்து மழை பெய்து தூசி அடங்கியபின் அதில் இரண்டு பாட்டில் அப்பா பிடித்து வைப்பார். அது காருக்கு.

கார் 1972 மாடல் அம்பாசடர், மார்க் 2. அப்பாவுக்குப் பின் என்னிடம் வந்தது. எங்கள் தெரு கரிசல் மண். மழை பெய்தால் சக்கரத்தில் களிமண் அப்பி மட்கார்டு வரைக்கும் ஏறிவிடும். அதனால் தீபாவளிக்கு ஷெட்டில் ஏறும் கார் பொங்கலுக்குத்தான் இறங்கும்.

வண்டி என் கைக்கு வந்த முதல் மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தினேன். அப்பாவின் வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்ற நிறைவு எனக்கு. தை முதல் வெள்ளி அம்மாவுக்குச் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைப் பார்க்க வேண்டும். அந்தக் கோயில் நடை வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். தவறவிட்டால் திங்கள் வரைக்கும் காத்திருக்க வேண்டும். பட்டுப்புடவையோடு அம்மா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டார்ட் செய்தேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். மறுபடியும் அதே ‘டக்’. ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மஞ்சளாக எரிந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கி, டவுன் பஸ்ஸுக்கு நடந்தார். அந்த நடை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

பேட்டரிக் கடை அண்ணன் மூடிகளைத் திறந்து ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு செல்லிலும் விட்டு உறிஞ்சினார். “கிராவிட்டி ஆயிரத்து இருநூத்தம்பது கிட்ட நிக்கணும் தம்பி. இது ஆயிரத்து நூத்திருபதுல கெடக்கு. என்ன தண்ணி ஊத்துனீங்க?”

“கேன் தண்ணிண்ணே. குடிக்கிற தண்ணிதான்.”

“குடிக்கிற தண்ணி மனுசனுக்கு. இதுக்கு எதுவுமே கலக்காத தண்ணி வேணும். அப்பா மழைத் தண்ணி கொண்டாருவாரே, பாத்ததில்லையா?”

பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை.

அன்று அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்து ஒரு கணக்கானது. எங்கள் டைனமோ ஐடிலில் தரும் மின்சாரம் மிகக் குறைவு. ஸ்டார்ட்டர் ஒரு இழுப்பில் எடுத்ததைப் பத்து நிமிட ஐடில் திருப்பிக் கொடுப்பதே சந்தேகம். நான் ஞாயிறுதோறும் கொடுத்ததைவிட எடுத்ததுதான் அதிகம். போதாததற்கு ஒரு ஸ்டீரியோ பொருத்தியிருந்தேன். அணைத்து வைத்தாலும் நேரத்தையும் ஸ்டேஷனையும் நினைவில் வைத்துக்கொள்ள அது 20 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தது. பார்க்கத் தூசு மாதிரி. ஆனால் 90 நாளுக்குக் கூட்டினால் 43 ஆம்பியர்-மணி. என் பேட்டரியே 60தான்.

இறங்கிப்போன பேட்டரிக்குள் நடப்பது எங்கள் குடத்தில் நடப்பது மாதிரிதான். சார்ஜ் இறங்கும்போது ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிகிறது. அது இயல்பு, உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். குடத்தில் நேற்றுப் படிந்த வெள்ளையைப் புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும் அல்லவா, அப்படி. வாரக்கணக்கில் விட்டால் அது கெட்டியான படிகமாகிறது. பிறகு எந்தச் சார்ஜருக்கும் மசியாது. எனக்குப் புது பேட்டரிதான் வாங்க நேர்ந்தது.

கார் பேட்டரியைக் காப்பது பற்றிக் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதெல்லாம் பனிக்காலத்தைப் பற்றியது. காலியான பேட்டரி அங்கே உறைந்து வெடித்துவிடும். நமக்கு அந்தப் பயம் இல்லை; ஆனால் அவர்களுக்குக் குளிர் செய்யும் உதவியும் நமக்கு இல்லை. சும்மா கிடக்கும் பேட்டரி தானாக இறங்கும் வேகம், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதனால் நம் பேட்டரியின் நிஜமான எதிரி சித்திரை வெயில் என்பது என் எண்ணம். தகரக் கொட்டகைக்குள் தண்ணீர் வற்றித் தகட்டின் தலை வெளியே தெரிந்துவிட்டால், அந்தக் காயம் மார்கழியில்தான் வெளிப்படும். பழி மழைமேல் விழும். வெயில் காலத்தில் மாதம் இருமுறை மூடியைத் திறந்து பார்க்கிறேன். மழைக்காலத்துக்கு ஒருமுறை போதும்.

இப்போது தீபாவளிக்கு முந்தைய நாளே பேட்டரியைக் கழற்றிவிடுகிறேன். பாடியோடு சேர்ந்த எர்த் வயர் முதலில். மாட்டும்போது அதுவே கடைசி. இப்படிச் செய்தால் ஸ்பானர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து வாஸலின் தடவுகிறேன். மூடி மட்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா ஒரு சொட்டுகூட உள்ளே போய்விடக் கூடாது.

பேட்டரியைத் திண்ணையில் ஒரு பலகைமேல் வைக்கிறேன். வெறும் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்பது பழைய காலத்து மரப்பெட்டி, ரப்பர் பெட்டிகளோடு வந்த நம்பிக்கை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. ஆனாலும் அப்பா வைத்த பலகை அது. எடுக்க மனம் வரவில்லை.

மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்ப்பேன். 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு. 12.4-க்கு இறங்கினால் தானாக நிறுத்திக்கொள்ளும் சின்ன சார்ஜரை இரவு முழுக்கப் போட்டுவிடுவேன். திருக்கார்த்திகை மூன்று நாளும் சார்ஜர் கிடையாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். திண்ணை முழுக்க அம்மா அகல் ஏற்றியிருப்பார்.

தண்ணீர் கடையில் வாங்கும் டிஸ்டில்டு வாட்டர்தான். அரியலூரில் அக்கா வீட்டு வேப்பிலையைத் தொட்டால் விரலில் சிமெண்ட் தூசி ஒட்டுகிறது. அந்தக் காற்றில் இறங்கும் மழையை நம்பிப் பேட்டரியில் ஊற்ற எனக்குத் துணிவில்லை. அப்பாவின் இரண்டு பாட்டிலும் ஷெட் பரணில் காலியாகவே இருக்கின்றன. அம்மா மட்டும் பருப்புக்கு இன்னும் வேட்டி கட்டுகிறார்.

இந்தத் தை வெள்ளியில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். இரண்டாவது சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சிறுவாச்சூருக்கு எங்கள் வீட்டிலிருந்து அரைமணி ஓட்டம்கூட இல்லை. பேட்டரிக்கு அது போதாதே என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“சாமி கும்புட்டுட்டு அப்படியே அரியலூர் போயி அக்காவையும் பாத்துட்டு வந்துருவோம்டா. ரெண்டு குடம் மழைத் தண்ணி டிக்கில வச்சிருக்கேன்.”