ஓர் இடைவெளியும் இரு மேற்கோள் குறிகளும்

2024 டிசம்பர் நடுப்பகுதியில் ஒரு மாலைப்பொழுது. ஓர்ஸ் ஹில் என்று ஆங்கிலத்தில் வழங்கும் எங்கள் உவர்மலையில், அயல்வீட்டுப் பெண்மணி ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஐயா, சுனாமி நேரம் நீங்கள் எழுதி வைத்த பெயர்ப்பட்டியல் இன்னும் இருக்குதா? அண்ணாவின் பெயரும் அதில் இருக்குதோ என்று பார்க்க வேணும்" என்றார்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் கிண்ணியா, மூதூர்ப் பக்கங்களில் அலைந்து திரட்டிய பட்டியல் அது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்திருந்தேன். பாமினியை யுனிகோடாக மாற்றும் சிறு நிரல் ஒன்றை மருமகன் எழுதித் தந்திருந்தார். விண்டோஸ் எக்ஸ்புளோரரில் கோப்பின்மீது வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் அதனை நானே சேர்த்திருந்தேன். ஆண்டுக்கணக்காகத் தவறின்றி இயங்கிய அந்நிரல், அன்று மட்டும் "கோப்பைக் காணவில்லை" என்றது. கோப்போ கண்ணெதிரே கிடந்தது!

நிரலைக் குறைகூறுமுன், அதற்கு என்ன சொல்லப்படுகிறது என்று பார்ப்பது நலம் எனத் தோன்றியது. தனக்கு வந்த சொற்களை வரிசையாகக் காட்டிவிட்டு நிற்கும் நான்குவரி பேட்ச் கோப்பு ஒன்றை எழுதி, நிரலுக்குப் பதிலாக அதனை இணைத்தேன். கறுப்புத் திரையில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. ஆயினும் இரண்டாம் வரியில் 2004 தன்னந்தனியே நின்றது. விடயம் விளங்கிற்று.

முன்பெல்லாம் என் கோப்புகளுக்கு இடைவெளியற்ற குறும்பெயர்களே இருந்தன. அவ்வாண்டில்தான் "சுனாமி 2004 பெயர்கள்" என்றவாறு தமிழில் பெயர்மாற்றியிருந்தேன். விண்டோஸில் கட்டளைவரி ஒரே சரமாகவே நிரலிடம் சேர்கிறது. அதனைப் பிரித்துக்கொள்வது நிரலின் வேலை. இடைவெளி கண்ட இடமெல்லாம் அது வெட்டும். ஒரு கோப்பு மூன்றாகி, "சுனாமி" என்ற இல்லாத கோப்பை அது தேடியிருக்கிறது.

பிழை என்னுடையதே. ரெஜிஸ்ட்ரியில் கட்டளையை எழுதியபோது, கோப்பின் பெயருக்காக நிற்கும் விழுக்காட்டுக் குறியையும் ஒன்று என்ற இலக்கத்தையும் இரட்டை மேற்கோளுக்குள் இடாது விட்டிருந்தேன். ரெஜிஸ்ட்ரியைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விரு குறிகளையும் சேர்த்தேன். பட்டியல் திறந்தது.

இளம் நிருபராகத் தொலைபேசியில் செய்தி சொன்ன நாட்களில், காற்புள்ளியைச் சொல்லாமல் விட்டதால், மூன்று சொற்கொண்ட ஒருவரின் பெயர் மறுநாள் மூவராக அச்சேறியது. இறந்தோர் பட்டியல் அது. அவ்வீட்டாரிடம் நேரிற்சென்று மன்னிப்புக் கேட்டேன். எங்கே ஒரு பெயர் முடிகிறது என்பதைச் சொல்லவேண்டியவன் அனுப்புகிறவனே என்பதை அன்றே கற்றிருக்க வேண்டும்.

அப்பெண்மணி திரையில் விரல்வைத்துத் தேடினார். நாற்பதுக்குமேல் பெயர்களைக் கடந்தபின் விரல் நின்றது. தமையனாரின் பெயர் மூன்று சொற்கள். "இதுதான் ஐயா" என்றார். அச்செடுத்துக் கொடுத்தேன்.