ரெண்டு மாடு, ஒரு சிப்ஸ்

சுவரில் ஒரு சார்ட்டு. இடப்பக்கம் ஒரு பூ. வலப்பக்கம் நிறையப் பூ. கீழே: பூ – பூக்கள்.

டவுனில் வாங்கியது. கடைக்காரர் சொன்னார்: "ஒருமை பன்மையா? ரெண்டு சார்ட்டுதான் கெடக்கு."

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு அங்கன்வாடி. நாலு வயசுக் கூட்டம். டீச்சர் ஒரு புளியங்கொட்டையைத் தூக்கிக் காட்டுகிறார். "இது கொட்டை." அப்புறம் அள்ளிக் காட்டுகிறார். "இது?"

"நெறையக் கொட்டை!"

டீச்சர் தலையாட்டவில்லை. இன்னும் ஏதோ வர வேண்டும் என்று காத்திருக்கிறார்.

முன்வரிசையில் ஒருத்தி யோசித்துச் சொன்னாள்: "ஒரு கை."

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான். மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றியது. அம்மி ஒன்று, உரல் ஒன்று, அடுப்பு ஒன்று, குடம் ஒன்று. எதிலும் இரண்டு இல்லை. பெட்டி மொத்தத்துக்கும் பெயர் சாமான்.

டீச்சர் சொல்வதும் ஒருமையில்தான்: கை கழுவு. பல்லைத் தேய். கண்ணை மூடு. காலை நீட்டு.

வாழை – சீப்பு, தார். பூ – சரம், முழம். வெற்றிலை – கவுளி. நாற்று – முடி. பிசான நடவு நேரத்தில் வரப்பில் நிற்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும். சார்ட்டில் இதற்கு இடம் இல்லை.

பத்தமடைப் பாய். ஒரு பாயில் எத்தனை கோரை? நெய்கிறவர்கள்கூடக் கோரைகள் என்று சொல்லிக் கேட்டதில்லை.

இடையன்குடி. ராபர்ட் கால்டுவெல் 1841இல் அங்கே வந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு இருந்தார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, ஒருமை வடிவமே இரண்டு வேலையும் பார்க்கும் என்பது அதில் ஓர் இடம்.

அங்கே வாசலைத் திறந்தால் பனை. கண்ணுக்கெட்டின தூரம் வரை பனை.

தொல்காப்பியத்தில் 'கள்' அஃறிணைக்கு உரியது. பிள்ளைகள், ஆட்கள், அவர்கள் எல்லாம் பிறகு ஏறிக்கொண்டவை.

விழா நோட்டீஸ்: "மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்." வந்தது ஒருவர்.

"தாத்தா வந்தாவ." ஒரே தாத்தா.

"மாடு ரெண்டும் வந்துட்டு."

இரண்டையும் சொன்னது ஒரே பிள்ளை. ஒரே மூச்சில். வயசு நாலு.

அக்காமார். அண்ணன்மார். டீச்சர்மார். இந்த 'மார்' எந்த சார்ட்டிலும் இல்லை.

1958. அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் ஒரு படம் வரைந்தார். பறவை மாதிரி ஒன்று. உலகத்தில் இல்லாதது. இது ஒரு வக். இப்போது இன்னொன்றும் வந்துவிட்டது. இப்போது இரண்டு என்ன? பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். கேட்டே இராத சொல்லுக்கும் விதி தெரிந்திருக்கிறது.

அதே விளையாட்டு இங்கே. கிறுக்கலாக ஒரு பிராணி. "இது கிலம்." பக்கத்தில் இன்னொன்று வரைந்தேன். "இப்ப?"

"ரெண்டு கிலம்."

கொஞ்ச நேரம் கழித்து, தானாக: "இது பெரிய கிலம். அது அதோட தம்பி."

2019 ஜனவரி. தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. அங்கன்வாடித் திட்டமே தொடங்கியது 1975 அக்டோபர் 2. அங்கன்வாடிப் பாடத்திட்டத்தின் பெயர் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. பாப்பா. ஒருமை.

ஆங்கில ஒர்க்புக். ஒன் ஆப்பிள், டூ ஆப்பிள்ஸ். இதில் யாரும் தடுமாறவில்லை.

ரீசஸ் நேரம். "ஒரு சிப்ஸ் தா."

"டீச்சர், ஒரு ஷூஸ் காணோம்." ஒற்றைக்காலில் நிற்கிறான். மற்றக் காலில் ஷூஸ் இருக்கிறது.

"அவ என் பிரெண்ட்ஸு." கை காட்டியது ஒருத்தியை.

"அவங்க எல்லாம் என் பிரெண்ட்ஸுங்க."

மரம் – மரங்கள். கல் – கற்கள். முள் – முட்கள். ஈ – ஈக்கள். சார்ட்டில் கடைசி வரிசை. டீச்சர் குச்சியை வைத்து வேகமாகக் கடந்துவிடுகிறார்.

கற்களின் படத்தை ஒரு பையன் விரலால் குத்திக் குத்திப் பார்க்கிறான். "கல்லு. கல்லு. கல்லு. கல்லு." ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை.

நுங்கு. ஒரு காயில் மூன்று கண். மூன்று கண்கள் என்று சொல்லி வெட்டித் தருகிறவரை நான் பார்த்ததில்லை.

அங்கன்வாடிப் பதிவேடு. அரிசி, பருப்பு, முட்டை, எண்ணெய், பாய். எதற்கும் கள் இல்லை. குழந்தைகள் என்ற பத்திக்கு மட்டும் இருக்கிறது.

பாடம் ஆன பிறகு கொஞ்ச நாள் எதைப் பார்த்தாலும் கள். பால்கள். தண்ணிகள். சோறுகள். தண்ணி குடித்த டம்ளர் ஒன்றுதான்.

"எல்லா அம்மாக்களும் வந்தாச்சு." நடுவில் அந்த 'க்' எப்படி வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'அம்மா' சார்ட்டில் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். எல்.கே.ஜி. வாசல். பையை மாட்டிக்கொண்டே ஒருத்தி: "நாளைக்கு லீவுகளா, டீச்சர்?"

சனி, ஞாயிறு. கணக்கு சரிதான்.