பட்டமும் பணியும்

விஞ்ஞானி என்றதும் நம் நாவில் முதலில் வரும் பெயர் சர் சி. வி. இராமன். அவருடைய ஆய்வுக்கூடத்தில் வைரங்களின் ஒளிர்வை ஆராய்ந்த அன்னா மணியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெண் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி ஆராயுமாறு எங்கள் ஐவர் குழுவைப் பேராசிரியர் பணித்தார். ஆழ்வார்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் கூடி, கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் ஆளுக்கொரு பகுதியாகத் தேடித் தொகுத்தோம்.

1918இல் பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, நம்மைப் போல் அரசுக் கல்லூரி மாணவி. 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பெங்களூரில் ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். எனினும், எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டத்தை மறுத்தது. அவர் தளர்ந்தாரில்லை. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். 1976இல் ஓய்வு பெற்ற பின்னரும் காற்றின் ஆற்றலை இடம் இடமாக அளந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் வந்தால் எல்லாம் வரும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரிது. ஆனால், பட்டம் மறுக்கப்பட்ட கை நாட்டின் காற்றையும் வெயிலையும் அளந்ததே! இனிப் பட்டத்தோடு படிப்பு முடிந்தது என்று எப்படி இருப்பேன்?

அதே கல்லூரியில் பயின்ற தாவரவியலார் ஜானகி அம்மாளை அடுத்த குழு தேடட்டும்.