செம்புத் தடமும் ஊருணியும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரை பரந்து கிடக்கும் மானாவாரிச் சீமையில் வாழ்வோர்க்கு நீரின் அருமையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. குண்டாற்றில் மணல் தெரியும் நாள்களே மிகுதி. கண்மாய் பெருகினால் ஒரு போகம். பெருகாவிடில் ஆழ்துளைக் கிணறே கதி. அக்கிணற்றினுள் இறக்கிய மோட்டார் எரிந்துபோனால் அவ்வாண்டு மிளகாயும் அதனோடு போயிற்று என்றே கொள்ளலாம். மின்சுற்றுப் பலகை வரைவதைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதத் துணிந்தமைக்கு அத்தகைய மோட்டார் ஒன்றே காரணம்.

என் தமக்கையின் கணவர் தோட்டத்து மோட்டார் மூன்றாண்டுகளில் இருமுறை எரிந்தது. நீரின்றி ஓடி எரிந்தது ஒருமுறை; மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை அற்றுப்போய் எரிந்தது மறுமுறை. குழாய்களைத் தூக்கி, மோட்டாரை எடுத்து, காயில் கட்டக் கொடுத்து, மீண்டும் இறக்குவதற்குள் பயிர் வாடிவிடும். இரண்டாம் முறை தமக்கையின் வளையல்கள் அடகுக்குச் சென்றன.

அவர்களுடைய மகன் பொறியியல் இறுதியாண்டு மாணவன். நீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும். அக்குறைவை அறிந்து மோட்டாரைத் தானே நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்யப் புகுந்தான். இவ்வாறு ஒரு பணிக்கென்றே கருவிக்குள் பொதிந்து வைக்கப்படும் சிறு கணினியை உட்பொதி அமைப்பு என்பர். தமிழ் வாசகர்க்கு நெருக்கமான சான்றும் உண்டு. எழுத்தாளர் சுஜாதா (1935–2008) பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து உருவாக்கத்தில் பங்குகொண்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் அவ்வகையைச் சேர்ந்ததே. கேரளத்துப் பரவூர்த் தொகுதித் தேர்தலில் 1982இல் அவ்வியந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது.

இக்கருவிகளுக்கெல்லாம் அடித்தளம் ஒரு பலகை. கண்ணாடியிழை கலந்த 1.6 மில்லிமீட்டர் தகடு. அதன்மேல் 35 மைக்ரான் செம்பு, அஃதாவது தலைமுடியின் பருமனில் ஏறத்தாழப் பாதி. வேண்டாத செம்பை அமிலத்தன்மை உடைய கரைசலால் அரித்து நீக்கிவிட்டால், எஞ்சும் கோடுகளே கம்பிகளாகின்றன. வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பால் ஐஸ்லர் 1936இல் இம்முறையில் ஒரு வானொலி செய்து காட்டினார். அச்சுத்தொழிலில் பழகியவர் அவர். அச்சுச்சுற்று என்னும் பெயர் பொருந்தியதில் வியப்பில்லை. முன்னாளில் தெளிந்த தாளில் கறுப்பு நாடா ஒட்டிப் படமெடுத்தனர். மருமகனோ ‘கீகேட்’ என்னும் கட்டணமில்லா மென்பொருளில் வரைந்தான்.

அவன் செய்த முதற்பலகை தோற்றது. ரிலே ‘டக்’கென்று ஒட்டி, காண்டாக்டர் இழுத்த மறுகணமே கணினிச் சில்லு தன் வேலையை மறந்து தொடக்கத்திற்குப் போய்விடும். உறுப்புகளை மாற்றிப் பார்த்தான், நிரலைத் திருத்தினான், பயனில்லை. சுற்றின் வரைபடத்தில் பிழையே இல்லை என்று ஆசிரியர்கள் கூறினர். அது உண்மையே.

ஒருநாள் மாலை அவன் திரையில் பலகையைக் காட்டி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். “மாமு, மேலே இருக்கிறது ஊடை, கீழே இருக்கிறது பாவு மாதிரி. ஒரே பக்கத்தில் கோடும் கோடும் வெட்டக்கூடாது, வெட்டுற இடத்தில் துளை போட்டு மறுபக்கம் இறங்கிடணும்” என்றான். நெசவூரில் வளர்ந்தவனுக்கு வாய்த்த உவமை. அருகிருந்த அவன் தந்தை, மின்னணுவியல் ஓர் எழுத்தும் அறியாதவர், சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “போற தண்ணிக்கு இத்தனை வாய்க்கால் வச்சிருக்கியே, திரும்புற தண்ணிக்கு வடிகால் எங்கடா?”

குறை அங்குதான் இருந்தது. ரிலேயிலிருந்து திரும்பும் பெருமின்னோட்டமும் சில்லிலிருந்து திரும்பும் சிறு மின்னோட்டமும் ஒரே மெல்லிய தடத்தில் வந்துகொண்டிருந்தன. ரிலே ஒட்டும்பொழுது அத்தடத்தில் மின்னழுத்தம் எதிர்த்து ஏறும். சில்லுக்குத் தரையே ஆட்டம் காணும். மற்றொன்றும் உண்டு. சில்லுக்கு நொடிப்பொழுதில் வேண்டும் மின்சாரத்தை அக்கணமே கொடுப்பதற்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைப்பர். அது நான்கு சென்டிமீட்டர் தள்ளி இருந்தது. மின்தேக்கி என்ற சொல்லிலேயே தேக்கம் இருக்கிறது, பாருங்கள். கண்மாய் எத்துணைப் பெரிதாயினும் குடத்தோடு செல்பவளுக்கு ஊருணி வீட்டருகே இருந்தாக வேண்டும் அன்றோ! அந்த மின்தேக்கியோ ஊருக்கு வெளியே வெட்டிய ஊருணியாயிற்று.

இரண்டாம் பலகையில் உறுப்பு ஒன்றுகூட மாறவில்லை, சுற்றும் அதுவே. இடங்களே மாறின. கீழ்ப்பக்கம் முழுவதையும் ஒரே செம்புப் பரப்பாக, வடிகாலாகவே விட்டான். மின்தேக்கி சில்லின் காலோடு ஒட்டி, இரண்டு மில்லிமீட்டரில் வந்து அமர்ந்தது. காலத்தை எண்ணித் தரும் படிகமும் சில்லின் பக்கத்திற்கே வந்தது. ரிலேயின் மின்னோட்டம் மின்வழங்கிக்கு அருகிலேயே திரும்பிப்போகுமாறு அதனை ஓர் ஓரத்தில் வைத்தான். உறுப்புகளை நகர்த்தி நகர்த்திப் பார்ப்பதில் ஒன்பது நாள்கள் கழிந்தன. கோடுகளை ஒரே இரவில் இட்டு முடித்தான். இடம் சரியாக அமைந்தபின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களே மிகச் சிலவாயின.

மோட்டாருக்குரிய 415 வோல்ட் வரும் பக்கத்திற்கும் சில்லின் 5 வோல்ட் பக்கத்திற்கும் இடையே எட்டு மில்லிமீட்டர் அகலத்திற்குச் செம்பே இல்லாமல் விட்டு, நடுவில் பலகையையும் நீளமாக அறுத்திருந்தான். தூசியும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் பலகையின் மேற்பரப்பிலேயே மின்சாரம் ஊர்ந்து வரும் என்பது அவன் அச்சம். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் பல்லி புகுந்து கருகிக் கிடப்பதைக் கண்டவர்கள் அதனை மிகையென்று சொல்லமாட்டார்கள்.

கடந்த பங்குனியில் ஓரிரவு கிணறு வற்றியது. மோட்டார் தானே நின்றது. காலையில் தோட்டத்திற்குச் சென்ற மச்சான், சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து தேநீர் கேட்டார் என்று தமக்கை சொன்னாள்.

அப்பலகையில் என் பங்கும் சிறிது உண்டு. உறுப்புகளின் பெயரை வெள்ளை மையால் பலகைமேல் அச்சிடுவர். தமிழில் இருக்கட்டும் என்று ‘மின்வரவு’, ‘நிறுத்துக’ எனச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். மச்சான் படித்துப் பார்த்தார். “நான் ஊர்ல இல்லாதப்போ பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து பார்ப்பாரு, அவருக்கும் புரியணும்ல” என்றார். இப்போது அப்பலகையில் ‘கரண்டு’ என்றும் ‘நிப்பாட்டு’ என்றும் அச்சாகியிருக்கிறது.