கிள்ளானிலிருந்து மெலாவாத்திக் குன்றுக்கு

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரையிலான வழி சென்ற பகுதியில் சொல்லப்பட்டதால், இப்பகுதி கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாக வடக்கே கோலசிலாங்கூருக்குச் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தொடங்குகிறது. கடலோரச் சாலை என்று சொல்லப்பட்டாலும் அலையாத்திக் காடும், உப்புநீர் உள்ளே ஏறாதபடி எழுப்பப்பட்ட மண்கரையும் மறைத்து நிற்பதால், ஜெராம் போன்ற மீனவர் ஊர்களில் மேற்கே பிரியும் கிளைச்சாலைகளில் இறங்கினாலன்றிக் கடல் கண்ணில் படுவதில்லை. சாலையோரம் நெடுக உடன் வருவது செம்பனைத் தோட்டங்களே.

அந்நிலம் முன்பு பெரும்பாலும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அங்கே லயங்களில், அதாவது தொழிலாளர்களுக்கென்று கட்டப்பட்ட வரிசை வீடுகளில், வாழ்ந்து பால்வெட்டியவர்களுள் பெரும்பாலோர் தமிழர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலிய தலைவர்களின் தூண்டுதலால் பெரும் வேலைநிறுத்தம் எழுந்தபோது, கூலி உயர்வு, பிள்ளைகளுக்கு முறையான பள்ளி, கள்ளுக்கடை ஒழிப்பு ஆகியவற்றோடு, வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்னும் கட்டாயம் நீங்கவேண்டும் என்பதும் கோரிக்கையாக வைக்கப்பட்டது. நாதன் கைதானதும் போராட்டம் தீவிரமடைய, படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கூலியைப் போலவே மானத்தையும் கேட்டுப் பெற முனைந்த அம்மக்களின் வரலாற்றை, இவ்வழியைப் பற்றிய பயணக் குறிப்புகள் கோலசிலாங்கூர்க் கோட்டையின் வரலாற்றுக்கு ஈடாகச் சொல்லாதது பெருங்குறையே.

அக்கோட்டை நிற்கும் புக்கிட் மெலாவாத்தி, சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய சிறு குன்றாகும். உள்நாட்டிலிருந்து ஆற்றுவழி வந்த ஈயத்தின் வணிகத்தைக் காக்கவும் தடுக்கவும் ஏற்ற இடம் என்பதே அதற்காக நிகழ்ந்த போர்களின் காரணம். சிலாங்கூரின் இரண்டாம் சுல்தான் இப்ராஹிம், மலாக்காவிலிருந்த டச்சுக்காரரை எதிர்த்த ரியாவ் தலைவர் ராஜா ஹாஜிக்குத் துணைநின்றார். அதனால் 1784இல் டச்சுக்காரர் இக்குன்றைக் கைப்பற்றி, தம் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தனர். மறு ஆண்டே, பகாங்கை ஆண்ட பெண்டஹாராவின் படைத்துணையோடு சுல்தான் இரவுத் தாக்குதல் நடத்தி அவர்களை ஓடச் செய்தார். பின்னர் 1867 முதல் 1874 வரை நடந்த சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1871இல் ரினால்டோ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் குண்டுமழை பொழிந்ததில் கோட்டை பெரிதும் சிதைந்தது. அப்போரைக் கிள்ளானில் தொடங்கிய ராஜா மஹாடியின் பெயர் தாங்கிய கோட்டைச் சின்னம் கிள்ளான் நகரிலும் உண்டாதலால், இரண்டையும் ஒரே நாளில் காண்பது பொருத்தமானது.

இன்று எஞ்சியிருப்பவை தாழ்ந்த கற்சுவரின் பகுதிகள், முகத்துவாரம் நோக்கி வைக்கப்பட்ட பீரங்கிகள், சுல்தான்களின் அடக்கத்தலம், 1907இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் ஆகியன. துரோகிகளுக்குத் தண்டனை தரப் பயன்பட்டதென்று சொல்லப்படும் நச்சுக்கிணறும் அங்குண்டு. மரப்பாலும் மூங்கில் குருத்தின் சாறும் கலந்த நீரே அந்நஞ்சு என்பது வழக்கு. பீரங்கிக் குழல்களின்மேல் லோத்தோங் எனப்படும் சாம்பல்நிற இலைதின்னிக் குரங்குகள் அமர்ந்து, வருவோர் நீட்டும் பயற்றங்காயை விரலால் பற்றி மெல்ல வாங்குகின்றன. தாயின் மார்பைக் கட்டியிருக்கும் குட்டி மட்டும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்நிறம் மாறிவிடும். ஆயினும் தீனி தருவது அவ்விலங்குகளின் இயல்பைக் கெடுப்பதால் பார்ப்பதோடு நின்றுகொள்வதே நல்லது.

குன்றின் அடியில் அலையாத்தி மரங்களுக்கும் நீர்ப்பறவைகளுக்கும் உரிய இயற்கைப் பூங்கா விரிகிறது. ஆற்றின் மேற்போக்கில் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகளைக் காணச் செல்லும் படகுப்பயணம் அடுத்த பகுதியில் இடம்பெறும்.