நியூட்ரல் கழன்ற ராத்திரி

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு முதல் நாள் ராத்திரி நம்ம கோயில் கூடாரத்துல பல்பெல்லாம் வெடிச்சுதே, ஞாபகம் இருக்கா? அதுக்குக் காரணம் நான்தான். டிபி பெட்டியில நியூட்ரல் ஸ்க்ரூவைச் சரியா முறுக்காம விட்டவன் நான். தலைவர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். இப்ப எழுதுறது என் பையனைப் பத்தி.

அவன் யுனிவர்சிட்டியில எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங். முதல் வருஷம் சர்க்கிட் தியரியில ஃபெயில். திரும்ப எடுக்கணும்னு ஆனப்போதான் எங்களுக்கே தெரிஞ்சது. நான் எஸ்.பி.எம். முடிச்சிட்டு ஃபேக்டரிக்குப் போனவன். "படிக்காத நான் முப்பது வருஷமா மெஷினைப் பார்த்துக்கிறேன், உனக்குக் கணக்குப் போட வரலயா?"ன்னு கேட்டுட்டேன். ரெண்டு மாசம் என்கிட்ட சரியாவே பேசல.

அன்னிக்கு ராத்திரி ஒரு ஃபேஸ்ல சமையல்கட்டு பாய்லர், 2000 வாட். இன்னொரு ஃபேஸ்ல 100 வாட் குண்டு பல்பு அஞ்சு. திடீர்னு பல்பு பளீர்னு வெள்ளையா எரிஞ்சு ஒண்ணொண்ணா போயிடுச்சு. பாய்லர்ல தண்ணி சூடே ஏறல. மெயினை அடைச்சுட்டுப் பார்த்தா நியூட்ரல் கழன்டு கிடக்குது. எனக்குப் புரியல. நியூட்ரல் போனா எல்லாம் அணைஞ்சுதானே போகணும்?

பையன் அன்னதான டோக்கன் அட்டையைத் திருப்பிப் போட்டு வரைஞ்சான். "ஒரு ஃபேஸ் மட்டும்னா அணைஞ்சிருக்கும்பா. இங்க ரெண்டு ஃபேஸுக்கும் ஒரே நியூட்ரல். அது போனதும் பாய்லரும் பல்பும் சீரிஸ் ஆயிடுச்சு. இப்ப 230 இல்ல, ரெண்டு ஃபேஸுக்கும் நடுவுல இருக்கிற 400 வோல்ட்." பாய்லர் சுமார் 26 ஓம், பல்பு அஞ்சும் சேர்ந்து 106 ஓம். 400-ஐப் பங்கு போட்டா பாய்லருக்கு 80 வோல்ட், பல்புக்கு 320. லோடு குறைவா இருக்கிற பக்கம்தான் அடி வாங்குது! ஒரு பல்பு போனா மிச்சத்துக்கு இன்னும் ஏறும். சூட்டுல பல்போட ஓம் மாறும், அதனால இது தோராயம்தான்னும் சொன்னான்.

அப்புறம் மெதுவா, "நான் ஃபெயிலானதும் இதுலதான்பா"ன்னான். சூத்திரம் மனப்பாடமாம். படத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டா எது சீரிஸ், எது பேரலல்னு தெரியாதாம். பக்கத்துல பக்கத்துல வரைஞ்சிருந்தாலே பேரலல்னு எடுத்துக்குவானாம். ரெண்டு முனையும் அதே ரெண்டு புள்ளியில சேர்ந்தாத்தான் பேரலல். அதைக் கண்ணால பார்த்தது அன்னிக்குத்தானாம்.

நானும் முப்பது வருஷமா தப்பாத்தானே நினைச்சிருந்தேன். அதை அவன்கிட்டயே சொன்னேன். மன்னிப்பு கேட்க வாய் வரல, டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் ஞாயிறு பஜனை முடிஞ்சதும் அவன் படம் வரைவான், நான் புள்ளி வைப்பேன். ஒரு வளையத்தைச் சுத்தி வந்தா வோல்ட் ஏத்த இறக்கம் சரியாப் பூஜ்யம் ஆகணும், அது கிர்ச்சாஃப் விதி. அவர் 1845-ல அதை எழுதினப்போ அவரும் மாணவர்தானாம். அஞ்சு கணக்குல மூணு எனக்குத் தப்பு. பையன் சிரிக்கல, அதுவே பெரிசு. ரிப்பீட்ல பாஸ் பண்ணிட்டான். இப்ப ஏசி சர்க்கிட் ஓடுது, அதுல எனக்கு முதல் பக்கமே தாண்டல.

இந்த வருஷம் வயரிங்குக்கு லைசன்ஸ் உள்ள வயர்மேன் வர்றார். அவர் கூலிக்கு உபயம் எடுக்க விரும்புறவங்க ஆலய அலுவலகத்துல பேர் கொடுங்க. நான் தோரணம் கட்டுறதோட சரி.